கையெழுத்துப் போடும் முன் வங்கிக்குப் போங்கள்

என் தங்கைக்கு விவாகரத்து ஆகி ஒன்றரை வருடம் கழித்து வங்கியிலிருந்து போன் வந்தது. மூன்று மாதத் தவணை நிற்கிறது, நீங்களும் கடன்தாரர்தான், கட்டுங்கள் என்றார்கள். மனமொத்த விவாகரத்து மனுவில் வீட்டையும் கடனையும் கணவரே பார்த்துக்கொள்வார் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அந்த வரி அவர்கள் இருவருக்குள் மட்டும்தான் செல்லும். வங்கியைக் கட்டுப்படுத்தாது. சேர்ந்து கடன் வாங்கினால் ஒவ்வொருவரும் முழுப் பாக்கிக்கும் பொறுப்பு, பாதிக்கு இல்லை. அவருக்கு வேலை போய்த் தவணை நின்றதில் இவள் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) சேர்ந்து விழுந்தது. இதை அப்போது ஒருத்தர்கூட எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் சொல்கிறேன், பெயரைக் கடனிலிருந்து எடுக்காமல் நீதிமன்றத்தில் கடைசிக் கையெழுத்தைப் போடாதீர்கள். வீட்டை வைத்துக்கொள்பவரின் சம்பளம் மட்டும் அந்தக் கடனைத் தாங்கும் என்று வங்கி ஒத்துக்கொண்டால்தான் இன்னொருவரை விடுவிப்பார்கள். இல்லையென்றால் வீட்டை வைத்துக்கொள்பவர் தன் ஒருவர் பெயரில் வேறு வங்கிக்குக் கடனை மாற்ற வேண்டும், அதுவும் முடியாவிட்டால் வீட்டை விற்பதுதான் வழி. மனசு கேட்காது, தெரியும். எங்கள் வீட்டிலும் "பிள்ளைக்கு ஒரு வீடாவது இருக்கட்டும்" என்று சொல்லித்தான் தள்ளிப்போட்டோம்.

அப்புறம் பங்கு விஷயம். 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 34,700 ரூபாய். ஐந்து வருடத்தில் 20 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், ஆனால் அசலில் குறைந்திருப்பது ஐந்து லட்சம்கூட இல்லை. வீடு 60 லட்சத்துக்குப் போனாலும் 35 லட்சம் வங்கிக்குப் போய்விடும், பேச வேண்டியது மிச்சமிருக்கும் 25 லட்சத்தைப் பற்றித்தான். அதில் முன்பணத்துக்காக மனைவி விற்ற நகையும் இருக்கிறது. அது ஸ்ரீதனம், அவளுடைய சொத்து, பங்கு போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைக்க வேண்டியது.

தவணை என் கணக்கிலிருந்துதானே போனது என்று கேட்கும் ஆண்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அத்தனை வருடமும் மளிகை, பள்ளிக் கட்டணம், உங்கள் அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் யார் சம்பளத்தில் போனது? சம்பளமே வாங்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ந்ததில் பங்களிப்புதான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் விவாகரத்து என்றால் சொத்தில் பாதி தானாக வந்துவிடும் என்று தமிழ்நாட்டில் சட்டம் எதுவும் இல்லை, பத்திரத்தில் பெயரோ பங்களிப்புக்கு ஆதாரமோ இருந்தால்தான் பேச்சு எடுபடும். பழைய வங்கிக் கணக்கு விவரம், நகை விற்ற ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒருவர் தன் பாகத்தை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் விடுதலைப் பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. கணவன் மனைவி என்ற உறவு இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. வீடு அடமானத்தில் இருப்பதால் வங்கியின் சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும்.

தங்கை வீடு போன மாதம்தான் விற்றது. நின்ற தவணைகளில் இரண்டை அவள்தான் கட்டினாள், அந்தப் பணம் இன்னும் திரும்பி வரவில்லை.