மைலேஜ் மட்டும் பார்த்தால் போதாது

20 லட்சம் ரூபாய்க்கு ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உள்ளது) வாங்குவதைவிட, அதே பணத்துக்குப் பெரிய பெட்ரோல் எஸ்யூவிதான் லாபம் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிக்கிறது. யாருக்கு லாபம்?

மாதம் 1,000 கி.மீ., பெரும்பாலும் சென்னை டிராபிக்கில் ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெரிய எஸ்யூவியின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் அங்கே லிட்டருக்கு 9 கி.மீ. கொடுத்தாலே பெரிய விஷயம். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் கார்களின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பேட்டரியில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) 20 கொடுத்தால் (சோதனையில் சான்றளித்த 27.97 கி.மீ.யை நான் நம்பவில்லை), மாதம் சுமார் 60 லிட்டர் மிச்சம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி ஏறுகிறது, ஊர்ந்து போகும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருட வாரண்டியும் உண்டு.

ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் இந்த வித்தியாசம் நன்றாகக் குறையும். டிக்கியில் பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இரண்டு பெரிய பெட்டி வைப்பதே சிரமம். ஐந்து பேரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் அந்த மூன்று சிலிண்டர் இன்ஜின் கத்தும் பாருங்கள்! அப்புறம், வீட்டில் ஏழு பேர் என்றால் பேச்சே இல்லை, மஹிந்திரா எக்ஸ்யூவி700 மாதிரி ஏழு சீட் எஸ்யூவிதான். நான்கு பேர், தினமும் ஆபீஸ் என்றால் என் ஓட்டு ஹைப்ரிட்டுக்கே.