வாடகை இடம் மலிவுதான், சீக்கிரமா?
பூமியை ஆராயும் கருவிக்கென்று தனிச் செயற்கைக்கோள் செய்யாமல், தனியார் செயற்கைக்கோளில் ஓரமாக இடம் பிடித்து அனுப்பினால் செலவும் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. செலவு சரி, சீக்கிரம் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. வட அமெரிக்காவின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் எல்லாவற்றையும் பகலில் மணிக்கொரு தரம் அளக்கும் நாசாவின் டெம்போ கருவியையே பாருங்கள், 2018-லேயே செய்து முடித்துப் பத்திரமாக வைத்துவிட்டு, ஏற்றிக்கொள்ள ஒரு தொலைத்தொடர்பு செயற்கைக்கோள் அமைந்து, அது தயாராகி, கடைசியில் இன்டெல்சாட் 40இ-யோடு மேலே போனது 2023 ஏப்ரலில். கல்யாண வேனில் இடம் கேட்டவன் கதைதான், அவர்கள் கிளம்பும்போதுதான் நாமும் கிளம்ப முடியும். அதற்கு முன், மேல் வளிமண்டலத்தை ஆராயும் நாசாவின் கோல்டு கருவி எஸ்இஎஸ்-14 என்ற தொலைத்தொடர்பு செயற்கைக்கோளில் போனபோது ஏரியான் 5 ராக்கெட் திசை விலகிவிட்டது. நல்லவேளை, செயற்கைக்கோளில் மின் உந்துவிசை இருந்ததால் மெல்ல மெல்லச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம், கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கருவியே எதற்கு, டேட்டாவை விலைக்கு வாங்கலாமே என்று கேட்டிருக்கிறார். ஜிபிஎஸ் சிக்னல் காற்று மண்டலத்தில் வளைவதை வைத்து வெப்பநிலையும் ஈரப்பதமும் கணிக்கும் ஸ்பயர் போன்ற நிறுவனங்களிடம் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அப்படித்தான் வாங்குகிறது, உருப்படியாகவும் இருக்கிறது. ஆனால் வாங்கியதை மற்ற நாட்டு வானிலை மையங்களோடு உடனே பகிரலாமா, எத்தனை மணி நேரம் கழித்துப் பகிரலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, தாராளமாகப் பகிர வேண்டுமென்றால் விலையும் ஏறும். கட்டுரை அதைத் தொடவே இல்லை.