ஜாஸ் பேஸ் பிக்கப்: வாங்கும் முன் ஸ்கேல் எடுங்கள்

ஜாஸ் பேஸ் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் ஒரு பேஸ் கிட்டார் வகை; பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகம், இரண்டு சேர்ந்தது ஒரு செட். "ஜாஸ் பேஸ் பிக்கப் எல்லாம் ஒரே அளவு, எந்த செட்டும் பொருந்தும்" என்று ஒரு கருத்து இருக்கிறது. அது முழுக்கச் சரியில்லைங்க. ஃபெண்டரின் வழக்கமான ஜாஸ் பேஸில் கழுத்துப் பக்கப் பிக்கப் ஏறக்குறைய 92 மி.மீ. நீளம், பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பாகம்) பக்கம் உள்ளது 95 மி.மீ. ஆனால் விலை குறைந்த பேஸ்கள் சிலவற்றில் இரண்டுமே குட்டை அளவுதான். அதில் வழக்கமான செட்டைப் போட்டால், பிரிட்ஜ் பிக்கப் குழிக்குள் இறங்காமல் அந்த மூன்று மில்லிமீட்டருக்காக மேலேயே நிற்கும். அப்புறம் அரம் எடுத்து மரத்தைச் சுரண்ட வேண்டியதுதான்!

கம்பிகளைக் கழற்றக்கூட வேண்டாம். அடியில் ஸ்கேலை நுழைத்து இரண்டு பிக்கப் மூடிகளின் நீளத்தையும் அளந்து, விற்பவர் தரும் அளவுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.