மூணாங்கிளாஸ் மார்க்கை வைத்து அங்கன்வாடியை எடை போடாதீர்கள்

"அங்கன்வாடிக்குப் போன பிள்ளையும் போகாத பிள்ளையும் மூணாங்கிளாஸில் ஒரே மார்க்தானே வாங்குது, அப்புறம் எதுக்கு அனுப்பணும்?" கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நம் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. காசிருப்பவர்கள் வேன் ஏற்றி இங்கிலீஷ் மீடியம் எல்கேஜிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மார்க் சமமாகிவிடும் என்பது பொய்யில்லை. அமெரிக்காவில் மிச்சிகனில் 1962-ல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் 123 பிள்ளைகள்; அவர்களில் ஒரு தரப்பை மட்டும் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே படித்தவர்களின் ஐக்யூ முன்னிலை எட்டு வயதுவாக்கில் கரைந்துபோனது. ஆனால் 40 வயதில் கணக்கெடுத்தபோது, மேல்நிலைப் படிப்பை முடித்தவர்கள் படித்த தரப்பில் 77 சதவீதம், மறுதரப்பில் 60. பாஸ்டன் நகரில் அரசு பாலர் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்கும் பரீட்சை மார்க்கில் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் அவர்களில் கல்லூரிக்குப் போனவர்கள் கூடுதல். டென்னசி மாநிலத்திலோ நேர்மாறு: அரசு பாலர் பள்ளிக்குப் போனவர்கள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஆகவே எந்த பாலர் பள்ளியானாலும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன்.

மார்க் ஏன் சமமாகிறது? ஒண்ணாங்கிளாஸில் எழுத்தும் எண்ணும் எல்லோருக்கும் முதலிலிருந்து நடத்துகிறார்கள். தெரிந்த பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும், தெரியாத பிள்ளை ஒரே வருஷத்தில் எட்டிப் பிடித்துவிடும். அப்படிச் சுலபமாக எட்டிப் பிடிக்க முடியாதவை சொல்வளம், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வது, தன் முறை வரும்வரை பொறுப்பது. நான்கு வயதுப் பிள்ளை கையில் நாலுகோட்டு நோட்டைத் திணிப்பதில் இதெல்லாம் அடிபட்டுப்போகிறது. விரல் பலப்பட களிமண் உருட்டட்டும், மணி கோக்கட்டும். புளியங்கொட்டை பத்தை எண்ணவிட்டு, நாலைக் கையால் மூடி, "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலவற்றில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில், மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகள் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிட மொழியில் 0.46, கணக்கில் 0.29 திட்டவிலக்கம் (மார்க் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்று காட்டும் அளவு) முன்னேறினார்கள். வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் குறைந்தார்கள், ஏனென்றால் பழைய பணியாளருக்குச் சத்துணவு வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. குறை டீச்சரின் மனசில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. எடை பார்ப்பது, போஷன் டிராக்கர் என்ற அரசு சத்துணவு ஆப்பில் கணக்கை ஏற்றுவது, வோட்டர் லிஸ்ட் வேலை, இத்தனைக்கும் நடுவில் பாட்டு எப்போது, கதை எப்போது?

எல்லையில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், அப்புறம் தமிழ் மீடியமோ இங்கிலீஷ் மீடியமோ. மூன்று வயதில் தாய்மொழியை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதைப் பாடம் புரியாத பிள்ளை என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஒரே படக்கதையை இன்று தமிழில், நாளை அதே படங்களோடு மலையாளத்தில் சொல்லலாம். ஐந்தாறு பேராக உட்காரவைத்துக் கால் மணி நேரம், நடுவில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும். டீச்சருக்குத் தமிழ் வராவிட்டால் ஹெல்பரோ ஒரு பாட்டியோ சொல்லலாம்.

கேரளத்தில் அங்கன்வாடி பஞ்சாயத்தின் கையில். பெயிண்டுக்கும் சுவர்ப்படத்துக்கும் ஒதுக்குகிற பணத்தில் தமிழ் தெரிந்த ஒரு அரைநேர ஆளைப் போடுங்கள் என்று கிராமசபையில் கேளுங்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை டீச்சரிடம் ரெஜிஸ்டரையோ போனையோ நீட்டக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். ஜூனில் ஸ்கூல் திறப்பதற்கு முன் அங்கன்வாடி டீச்சரும் ஒண்ணாங்கிளாஸ் டீச்சரும் ஒரு நாள் உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு எதுவரை தெரியும் என்று பேசிக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் 'அ'-விலிருந்து நடத்த வேண்டியிருக்காது.