ரேஸ் லைசென்ஸுக்குக் கையெழுத்து மட்டும் போதாது

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டியது. "தம்பி, இதுல நான் கையெழுத்துப் போடலாமா? நீ சொன்னா போடறேன்." மருமகனுக்கு 17 வயசு. பைக் ரேஸ் பயிற்சிக்குப் போக பெற்றோர் சம்மதம் வேண்டும், அதற்கான காகிதம். மதுரை அரசரடியில் இருபது வருசமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டியும் இருக்கிறேன். ஆனாலும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஒரு வாரம் யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊரில் ரோட்டு ரேஸ் என்றாலே நத்தம் பாலம்தான். 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அதில் முறுக்கிவிட்டு, மறுநாள் முன்சக்கரத்து ஃபோர்க் வளைந்த வண்டியை என் கடைக்குத் தள்ளிக்கொண்டு வருகிற பையன்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 189-ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் தடவை ஒரு வருசம் அல்லது 10,000. ஓட்டியவன் 18 வயசுக்குக் கீழே என்றால் பெற்றவர்களுக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருசம் வரை சிறையும். அதனால் மருமகன் பாலத்துக்குப் போகாமல் டிராக்குக்குப் போக ஆசைப்படுவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

டிராக்கில் ஓட்ட, தேசியக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தருகிற போட்டி லைசென்ஸ் வேண்டும். புதியவன் என்றால் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி முடித்த சான்றிதழ், டாக்டர் சான்றிதழ், ரத்த வகை, சின்னப் பையனாக இருந்தால் பெற்றோர் சம்மதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எது உயிரைக் காக்கிறது, எது வெறும் காகிதம் என்று அனுபவப்பட்டவனுக்குத் தெரியும்.

என் கதையையே சொல்கிறேன். நான் முதல்முறை டிராக்குக்குப் போனபோது இடது மணிக்கட்டு எலும்பில் பிளேட் வைத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் சான்றிதழுக்கு ஒரு கிளினிக்கில் உட்கார்ந்தேன். பேர் என்ன, வயசு என்ன, ரத்தம் என்ன வகை என்று கேட்டார். பி.பி. பார்த்தார். கையெழுத்துப் போட்டு சீல் குத்தினார். முழுக்கைச் சட்டைக்குள் இருந்த தழும்பை அவர் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேர் மீதும் தப்பு. நேர்ரோட்டில் முழு வேகத்தில் வந்து பிரேக் பிடிக்கும்போது உடம்புக் கனம் மொத்தமும் இரண்டு மணிக்கட்டில்தான் வந்து இறங்கும். ஐந்தாவது ரவுண்டில் என் இடது கை மரத்துவிட்டது. கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டி.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. வண்டிப் பரிசோதனையில் ஒரு பெரியவர் குனிந்து, என் வண்டி எஞ்சினுக்கு அடியில் விரலை விட்டு ஆயில் போல்ட்டைத் தடவிப் பார்த்தார். லாக் வயர் இல்லை. போல்ட் கழன்று ஆயில் டிராக்கில் கொட்டினால் பின்னால் வருகிறவன் எல்லாம் வரிசையாக விழுவான், அதற்காகத்தான் போல்ட் தலையில் ஓட்டை போட்டுக் கம்பி முறுக்கச் சொல்கிறார்கள். நான் மெக்கானிக், நல்லா டைட் வைத்திருக்கிறேன் என்று வாதாடினேன். "கம்பி கட்டிட்டு வாங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் அலைந்து டிரில் வாங்கி ஓட்டை போட்டேன். அன்றைக்குக் கோபம். இன்றைக்கு அவரைக் கும்பிடுகிறேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, கையை விட்டுப் பார்த்தார்.

ஓட்டுகிறவனையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வண்டிக்குக் காட்டுகிற கண்டிப்பில் பாதியாவது அவனிடம் காட்டலாம். மஞ்சள் கொடி ஆட்டினால் முந்தக்கூடாது, சிவப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள், மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் தரை வழுக்கும் என்று வகுப்பில் எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். இருநூறு மீட்டர் முன்னால் ஆடுகிற கொடி, வேகத்தில் போகும்போது கண்ணில் படுகிறதா? அதை ஒருத்தர் பின்னாலேயே ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றிரண்டு நாள் பயிற்சியோடு லைசென்ஸைக் கையில் கொடுக்காமல், இத்தனை ரேஸ் விழாமல் முடித்தான் என்று நடுவர்கள் கையெழுத்துச் சேர்ந்த பிறகுதான் அடுத்த வகுப்புக்கு ஏற்ற வேண்டும்.

பிரிட்டன் பக்கத்தில் இருக்கிற ஐல் ஆஃப் மேன் தீவில் 1923-லிருந்து அமெச்சூர்களுக்காகவே மேங்க்ஸ் கிராண்ட் பிரீ என்று ஒரு ரேஸ் நடக்கிறது. பொதுச்சாலையை அடைத்துவிட்டு ஓட்டுகிற ரேஸ் அது, ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கு மேல். வேறு டிராக்கில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அங்கே புதியவன் என்றால் ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு, அனுபவசாலி ஒருவர் பின்னால் கட்டுப்பட்ட வேகத்தில்தான் முதல் சுற்றுப் போக வேண்டும். அந்தப் பாதையில் இதுவரை 250 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரனே இவ்வளவு யோசிக்கிறான்.

2023 ஆகஸ்ட்டில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸின்போது விழுந்து ஒரு பெங்களூர்ப் பையன் இறந்துபோனான். 13 வயசு. பல ரேஸ் ஜெயித்த, நல்ல திறமையான பையன். அதனால் திறமை இருந்தால் வயசு பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் மாடு பிடிக்கப் போகிறவனுக்கு முன்பதிவு, டாக்டர் பரிசோதனை, எண் போட்ட பனியன் எல்லாம் உண்டு. காளைக்கும் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். இதெல்லாம் வந்ததால் வீரம் குறைந்துபோச்சு என்று நம்ம ஊரில் யாரும் சொல்வதில்லை.

சரி, இவ்வளவு கண்டிப்பு வைத்தால் வசதி இல்லாத பையன் எப்படி வருவான்? நியாயமான கேள்வி. லெதர் சூட் ஒன்றின் விலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியே வாங்கலாம். இருங்காட்டுக்கோட்டைக்கு நம்ம ஊரிலிருந்து 450 கிலோமீட்டர், கோவை செட்டிபாளையம் டிராக்குக்கு 200-க்கு மேல். ஆனால் அதற்காக விதியைத் தளர்த்தக்கூடாது, பயிற்சியை இங்கே கொண்டுவர வேண்டும். பிரேக் பிடிக்கவும் கண்ணை எங்கே வைப்பது என்று பழகவும் கொடி பார்க்கவும் டிராக் எதற்கு? தார் போட்ட ஒரு பெரிய மைதானமும் நாற்பது கூம்பும் போதும். 1982-லிருந்து ரேஸ் டீம் நடத்துகிற டி.வி.எஸ். கம்பெனியின் ஆதி கதை, அதைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விட்டதில்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில் முறையாக வண்டி ஓட்டிப் பழக ஒரு திடல் இல்லை. நத்தம் பாலம்தான் இருக்கிறது.

அக்காவிடம் இப்படித்தான் சொன்னேன். "இப்ப போடாதக்கா. போன வருசம் கபடியில அவனுக்கு முழங்கால் பிசகுச்சுல்ல, அதை முதல்ல எலும்பு டாக்டர்ட்ட காட்டுவோம். அப்புறம் செட்டிபாளையத்துல ஒரு நாள் நானும் நீயும் உக்காந்து மத்த பசங்க ஓட்டுறதைப் பாப்போம். பாத்துட்டுப் போடு." மருமகனுக்கு என் மேல் வருத்தம், இரண்டு நாள் பேசவில்லை. நேற்று சாயங்காலம் தானாகக் கடைக்கு வந்து, "மாமா, அந்தக் கம்பி கட்டுறது எப்படினு காமிங்க" என்றான். பழைய எஞ்சின் ஒன்றைக் கீழே எடுத்து வைத்திருக்கிறேன். எலும்பு டாக்டரை வியாழக்கிழமை பார்க்கிறோம்.