அந்த முகத்தை அதன் அளவிலேயே காட்டுங்கள்

டச்சு நுண்ணோவியங்களைப் பற்றி, குறிப்பாக நெதர்லாந்தின் ஆரஞ்சு குலத்து இளவரசர் மூன்றாம் வில்லியமைச் சிறுவனாகக் காட்டும் படங்களைப் பற்றி, வெகுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதுகிறேன். இணையத்திலும் கலைநூல்களிலும் மினியேச்சர் எனப்படும் இந்தச் சின்னஞ்சிறு படங்களைத் திரை முழுக்க, பக்கம் முழுக்கப் பெரிதாக்கிப் போடுகிறார்கள். நான்கைந்து சென்டிமீட்டர் உயரமே கொண்ட ஒரு முகம், மாளிகைச் சுவரில் தொங்கிய ஓவியத்தைப் போல வந்து நிற்கிறது. உண்மையான அளவு கீழே பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. இது அந்தப் படத்தை அடியோடு வேறு பொருளாக மாற்றிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பிள்ளை பிறந்த சூழலை நினைத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். அவன் தந்தை இரண்டாம் வில்லியம் 1650 நவம்பர் 6 அன்று, இருபத்து நான்கு வயதில், பெரியம்மை கண்டு இறந்தார். எட்டு நாள் கழித்து ஹேக் நகரில் பிள்ளை பிறந்தான். தாய் மேரி, முந்தைய ஆண்டில்தான் தலை வெட்டப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசின் மகள். தன் தந்தையின் பெயரையே மகனுக்கு வைக்க விரும்பினார். தந்தைவழிப் பாட்டி அமலியா விடவில்லை. வில்லியம் என்ற பெயரே நின்றது. பிள்ளையை யார் பொறுப்பில் வளர்ப்பது என்பதும் வழக்கு மன்றம் வரை போனது. தந்தை வகித்த ஆளுநர் பதவியைப் பெரும்பாலான மாகாணங்கள் நிரப்பாமல் விட்டன. 1654இல் ஹாலந்து மாகாணம், அப்போது இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல்லின் வற்புறுத்தலால், இந்தக் குலத்தவரை இனி அப்பதவியில் அமர்த்துவதில்லை என்று உறுதி கொடுத்தது. அப்போது அவனுக்கு மூன்றரை வயது.

அதே 1654இல் அட்ரியான் ஹானமன் அவனைப் பெரிய துணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியம் இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கால வழக்கப்படி நீண்ட பாவாடை அணிந்திருப்பதால் பெண் குழந்தையோ என்று பார்ப்பவர்கள் மயங்குவதுண்டு. அது கூடத்தில் மாட்டி, வருவோர் போவோர் எல்லோரும் பார்ப்பதற்காகச் செய்த படம். நுண்ணோவியமோ பதக்கத்துக்குள்ளோ மூடியுள்ள சிமிழுக்குள்ளோ இருப்பது. வைத்திருப்பவர் விரும்பினால் ஒருவருக்குத் திறந்து காட்டலாம், விரும்பாவிட்டால் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளலாம். பதவியும் அதிகாரமும் பறிக்கப்பட்ட ஒரு குலத்தின் கடைசி ஆண் பிள்ளையுடைய முகத்துக்கு இப்படி மறைத்து வைக்கக்கூடிய ஒரு வடிவம் எவ்வளவு பொருத்தம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

செய்முறையும் இந்தச் சிறிய அளவோடு பிணைந்ததுதான். டச்சு ஓவியர்கள் பெரும்பாலும் செப்புத் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தார்கள். ஆங்கிலேய முறை வேறு: மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டு அட்டையின் மேல் ஒட்டி, பிசின் கலந்த நீர்வண்ணத்தால் வரைவது. 1630களில் ஹேக் நகரில் பணிபுரிந்த அலெக்சாண்டர் கூப்பர் இந்த மரபில் வந்தவர். முகம் வரும் இடத்தில் முதலில் தோல் நிறத்தைச் சமமாகப் பூசிவிட்டு, அணில் மயிர்த் தூரிகையின் நுனியால் புள்ளி புள்ளியாகவும் மயிரிழைக் கோடுகளாகவும் கன்னத்தின் நிழலை ஏற்றுவார்கள். (மினியேச்சர் என்ற சொல்லே பழைய ஐரோப்பியக் கையெழுத்து நூல்களில் தீட்டிய ஈயச் செந்தூரத்தின் லத்தீன் பெயரான மினியத்திலிருந்து வந்தது, சிறியது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.)

சென்ற ஆண்டு நானே ஒரு சீட்டின் பின்புறத்தில் தாளை ஒட்டி, கடையில் கிடைத்த மிக மெல்லிய தூரிகையால் ஒரு குழந்தை முகத்தை வரைந்து பார்த்தேன். தூரிகையைத் தாளுக்குக் கொண்டு போவதற்குள் நுனியில் இருந்த வண்ணம் உலர்ந்துவிட்டது. கீழிமைக்கு ஒரு கோடு போட்டேன். அது ஒரு மயிரிழை தடித்துப் போனதில் குழந்தைக்கு நாற்பது வயது கூடிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக வைக்க வேண்டிய வேலை அது. பெரிதாக்கிய படத்தில் அந்தப் புள்ளிகள் வெறும் சொரசொரப்பாகத் தெரிகின்றன. உள்ளங்கை அளவில் பார்க்கும்போதுதான் அவை ஒன்றாகக் கலந்து கன்னமாகின்றன.

நீர்வண்ண நுண்ணோவியங்கள் வெளிச்சத்தில் மங்கும், ஈரக்காற்றில் தோல் நெளியும் என்பதால் அருங்காட்சியகங்கள் அவற்றை மங்கிய ஒளியில் வைக்கின்றன. அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆகவேதான் நம்மைப் போன்றவர்களுக்கு இணையப் படமே கதி. அந்தப் படத்தின் அருகே ஒரு கையையோ நாணயத்தையோ வைத்து எடுத்த இன்னொரு படத்தையும் கட்டாயம் போட வேண்டும். பின்புறத்தையும், சிமிழின் மூடியையும், கோப்பதற்கான வளையத்தையும் காட்ட வேண்டும். அந்த வளையத்தைப் பார்த்தால்தான் இதை ஒருவர் உடம்பில் அணிந்திருந்தார் என்பது உறைக்கும்.

அந்தச் சிறுவன் பத்து வயதில் தாயையும் பெரியம்மைக்குக் கொடுத்தான். 1672இல் நாடு பேரழிவின் விளிம்புக்குப் போனபோது, இருபத்தோரு வயதில் ஆளுநராக அழைக்கப்பட்டார். 1689இல் இங்கிலாந்தின் மன்னரானார். அதன் பிறகு அவர் முகம் நாணயங்களில் ஊரெங்கும் புழங்கியது. நான் சொல்லும் படங்கள் அதற்கெல்லாம் முந்தியவை. இப்போது என் கணினித் திரையின் ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு முட்டை வடிவில் வெட்டிய ஓர் அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன். இத்தகைய படம் ஒன்று கண்ணில் பட்டால், அந்த அட்டையின் அளவுக்குச் சுருக்கிய பிறகே அதைப் பார்க்கத் தொடங்குகிறேன்.