தட்டானுக்கு வலிக்காதாமே!

தட்டான்பூச்சியின் வாலில் நூல் கட்டிக் கல்லைத் தூக்கவைத்த ஒரு வீடியோவுக்குக் கீழே நான் எழுதியது ஒரே வரி: "நூலை அவிழ்த்து விடுங்கள், அதற்கு வலிக்கும்." அதற்குத்தான் இத்தனை அர்ச்சனை. கிண்டலைக்கூட விடுங்கள், பழகிவிட்டது. படித்தவர்கள், அதிலும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவர்கள், "பூச்சிக்கு மூளையே கிடையாது, வலியாவது பயமாவது" என்று அடித்துப் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

மூளை இருக்கிறது சார். பழ ஈயின் மூளையை 2024இல் முழுசாக வரைபடமே போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 1,40,000 நரம்பு செல்கள். பயமா? 2015இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பசித்த பழ ஈக்களின் தலைக்கு மேல் நிழலை ஓட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டை விட்டு ஓடின. நிழல் போன பிறகும் உடனே திரும்பவில்லை. அதிகத் தடவை நிழல் பட்டவை திரும்பிவர அதிக நேரம் எடுத்துக்கொண்டன.

"அதெல்லாம் அனிச்சைச் செயல்" என்கிறார் ஒரு நண்பர். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் 2022இல் பம்பிள் தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, சில இடங்களை மட்டும் 55 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். எல்லாம் ஒரே இனிப்பு என்றால் சூட்டைத் தவிர்த்தன. சூடான இடத்தில் இனிப்பு கூடுதல் என்றால் பொறுத்துக்கொண்டு அங்கே போயின. அனிச்சைக்கு எதற்கு இந்தக் கணக்கு?

கும்பிடுபூச்சி தன்னைத் தின்னும்போதே வெட்டுக்கிளி இலை தின்றுகொண்டிருக்குமாம். சரி, இருக்கட்டும். நம்மைப் போல வலிக்கவில்லை என்று வேண்டுமானால் அதை வைத்துச் சொல்லலாம். வலியே இல்லை என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்?

கொசுவை அடிப்பேனா என்று கேட்டவருக்கு: அடிப்பேன். டெங்குவில் படுத்து எழுந்தவன் நான். கொசு அடிப்பதும், வாலில் நூல் கட்டிக் கல்லைத் தூக்கவைத்துப் பாட்டுப் போட்டு வீடியோ விடுவதும் ஒன்றா? "பட்டுப்புடவைக்காகப் புழுவைக் கொல்வது மட்டும் சரியா" என்று கேட்டவருக்கு: பேச்சை மாற்றாதீர்கள்.

வலிக்காது என்று அடித்துச் சொல்வதில் நமக்கு ரொம்ப வசதி. 1980களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவிலேயே பச்சைக் குழந்தைகளுக்குச் சரியான மயக்க மருந்து கொடுக்காமல் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். சொன்னவர்கள் பெரிய பெரிய டாக்டர்கள்: சிசுவுக்கு வலி அவ்வளவாகத் தெரியாதாம்.

அவ்வளவு தூரம் எதற்கு? என் அப்பா கடைசியில் பேச்சில்லாமல் படுத்திருந்தார். படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தவர் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். "கொஞ்சம் மெதுவா" என்றேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். அப்பாவின் கால்விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. கத்தத் தெம்பில்லை, அவ்வளவுதான். கத்தினால்தான் நம்புவீர்களா? அழுது, முறையிட்டு, நாலு பேர் சாட்சி சொன்னால்தான் ஒருவருக்கு வலித்தது என்று கணக்கா?

தட்டானையும் அப்பாவையும் ஒன்றாக வைக்கிறேன் என்று அடுத்துக் கிளம்புவீர்கள், தெரியும். ஹாஹா போடுபவர்கள் தாராளமாகப் போடுங்கள். அப்பாவைப் பற்றி எழுதியதை மட்டும் கமென்ட்டில் தொட வேண்டாம். தொட்டால் பிளாக்தான்.